கபடியில் எதிரணியை மதித்து ஆடுவது எப்படி: கேப்டன், பயிற்சியாளர், விழாக் கமிட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கால்பந்தில் பந்து வலைக்குள் போனால் மைதானமே பார்க்கிறது. கபடியில் பல பாயிண்டுகள் அப்படி விழுவதில்லை. 'கபடி கபடி' என்று பாடி எதிரணிப் பக்கம் போகும் ரெய்டரின் கால் கட்டைவிரல், ஓரத்தில் நின்று தடுக்கும் கார்னரின் முழங்காலை உரசியதா, விரல் நுனி அவருக்கு அடுத்து நிற்கும் கவரின் பனியனில் பட்டதா என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். நடுவர் நிற்பது நாலைந்து மீட்டர் தள்ளி. மண் தளமென்றால் புழுதி, மின்னொளிப் போட்டியென்றால் ஒரே ஆளுக்கு நாலு பக்கமும் நிழல். உள்ளூர்ப் போட்டிகளில் ரீப்ளேயும் கிடையாது.

ஆகவே எதிரணியை மதிப்பது இந்த ஆட்டத்தில் வெறும் நல்ல குணத்தோடு நிற்கும் விஷயமில்லை. அது இல்லாவிட்டால் பாயிண்ட் கணக்கே சரியாக வராது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் அடிதடி எங்கே தொடங்கியது என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒப்புக்கொள்ளாத ஒரு டச், விசிலுக்குப் பிறகும் விடாத ஒரு பிடி, மைக்கில் வந்த ஒரு கிண்டல், இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம். அதற்கான வேலை ஆட்டத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது.

படி 1: விதியை முதல் விசிலுக்கு முன் பேசி முடியுங்கள்

விதி தெளிவில்லாத இடத்தில் நல்லவர்களும் மோதிக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதியாட்டம் இதற்குப் பெரிய பாடம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருந்தபோது, கடைசிக் கட்டத்தில் இந்தியாவின் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டு (பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெய்டரே அவுட்) போனார். யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது ஆடுகளத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள், கால் வைத்தார். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். ரெய்டர் மட்டும் அவுட்டா, பின்னால் வந்தவர்களும் அவுட்டா? பழைய விதி ஒன்று சொல்லியது, புதிய விதி வேறொன்று சொல்லியது. தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரு தரப்பும் எதிர்ப்புத் தெரிவிக்க, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. தேர்ந்த நடுவர்களும் வீடியோவும் இருந்த ஆசிய இறுதியாட்டத்திலேயே இந்த நிலை என்றால், ஊர்த் திடலில் இதே நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

போட்டி தொடங்கும் நாளில், முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது, எல்லா கேப்டன்களையும் நடுவர்களையும் உட்காரவைத்துப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். ஒரே தாளில் எழுதி, கேப்டன்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை ஸ்கோரர் மேசையில் ஒட்டிவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- பாதி ஆட்டம் எத்தனை நிமிடம். வயது வந்த ஆண்களின் முழு ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட இடைவேளை. அணிகள் அதிகம் வந்தால் ஊர்களில் நேரத்தைக் குறைப்பார்கள். எந்தச் சுற்றிலிருந்து முழு நேரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
- லாபி எப்போது ஆடுகளமாகிறது, தொடாமல் லாபிக்குள் போனால் யார் யார் அவுட்.
- டூ ஆர் டை ரெய்டு உண்டா. சூப்பர் டேக்கிளுக்கு (மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடிப்பது) கூடுதல் பாயிண்ட் உண்டா.
- போனஸ் (ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் பாயிண்ட்) பார்க்கும் பொறுப்பு எந்த அம்பயருக்கு. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் என்பதையும் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.
- டேஷ் அடித்து, அதாவது உடம்பால் மோதி, ரெய்டரைக் கோட்டுக்கு வெளியே அனுப்புவதை நடுவர் எப்படிப் பார்ப்பார்.
- சமநிலையில் முடிந்தால் என்ன முறை.
- ஆள் மாறாட்டம், எடை பற்றிய புகாரை எந்த நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் என்று வைப்பதே நல்லது. தோற்றபின் "அவன் அந்த டீம் பையனே இல்லை" என்று கிளம்பும் தகராறுக்கு அதோடு இடம் இருக்காது.

டிராவைக் கேப்டன்கள் முன்னிலையில் குலுக்கிப் போடுங்கள். சீட்டை எடுப்பது வெளியூர் அணியின் கேப்டனாக இருக்கட்டும். விழா நடத்தும் ஊரின் அணிக்குக் குலுக்கலில் 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) விழுந்தாலும் சந்தேகப் பேச்சு வரும். எல்லோர் கண் முன்னாலும் எடுத்த சீட்டு என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

படி 2: களமிறங்கும் முன் உடம்பைச் சரிபாருங்கள்

இது சின்ன வேலை, இரண்டு நிமிடம்தான். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், செயின், காப்பு, கடுக்கன், இடுப்பில் தாயத்து இருந்தால் கழற்ற வேண்டும். கழற்ற மனமில்லாத சாமிக் கயிற்றை டேப் சுற்றி மறைக்க நடுவரிடம் அனுமதி கேளுங்கள். உடம்பில் எண்ணெய், வாசலின், வழுக்கும் தைலம் எதுவும் கூடாது. காலில் தைலம் தேய்த்துவிட்டுப் பாடிப் போகும் ரெய்டரை ஆங்கிள் (கணுக்கால்) பிடித்தால் கை வழுக்கும். பிடித்தவர் அதைத் திருட்டுத்தனம் என்றுதான் நினைப்பார், அடுத்த பிடி கோபத்தில் விழும். நகவெட்டி ஒன்றும் ஒரு பழைய துண்டும் அணியின் கிட் பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 3: டச்சை ஒப்புக்கொள்ளப் பயிற்சியிலேயே பழக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பையன்கள் டச்சை மறைப்பது பிறவிக் குணத்தால் அல்ல. "அம்பயர் கைநீட்டினாதான் வெளியே போ" என்று யாரோ ஒரு பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருப்பார். அதைவிட முக்கியமான காரணம், தானாக வெளியே வந்த பையனை இடைவேளையில் அணியே திட்டியிருக்கும். ஒருமுறை திட்டு வாங்கியவன் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டான்.

பழக்கும் முறை இது. வாரத்தில் இரண்டு நாள், பயிற்சியின் கடைசி 15 நிமிடம், நடுவரே இல்லாமல் ஏழுக்கு ஏழு ஆடவிடுங்கள். பயிற்சியாளர் களத்துக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் மட்டும் எழுத வேண்டும்; டச்சுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி வந்ததும், யாரைத் தொட்டேன் என்று நினைக்கிறாரோ அவரைக் கைகாட்டுவார். தொடப்பட்டவர் "ஆமாம்" அல்லது "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்றால் விவாதம் கிடையாது, ஆட்டம் தொடரும். முதல் வாரம் குழப்பமாகத்தான் இருக்கும், யார் பொய் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளாக ஆக, கூட ஆடுபவர்களின் பார்வையே வேலை செய்யத் தொடங்கும். பயிற்சியாளரின் திட்டைவிட அது கூர்மையானது.

போட்டியில் இதைச் செய்யும் நேரம் முக்கியம். ரெய்டு நடுவில் கையைத் தூக்கக் கூடாது. தொட்டபின் ரெய்டர் பிடிபட்டுவிட்டால் தொடப்பட்டவர் அவுட் ஆவதில்லை. ஆகவே ரெய்டர் தன் பக்கம் போய்ச் சேரும் வரை ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை. அவர் பத்திரமாகக் கோட்டைத் தொட்டதும், தொடப்பட்டவர் ஒரு கையை உயர்த்தி, பக்கத்து அம்பயரின் கண்ணைப் பார்த்துவிட்டு, நேராக உட்காரும் இடத்துக்குப் போக வேண்டும். கை உயர்த்தாமல் சும்மா நடந்தால் ஸ்கோரர் எண்ணைத் தவறவிடுவார். அதுவே இன்னொரு தகராறு.

ரெய்டருக்கும் இதே நேர்மை வேண்டும். தொடாத ஆளைக் கைகாட்டி "டச், டச்" என்று கத்தி அம்பயரை நெருக்குவதும் ஏமாற்றுதான். கூட்டத்தின் சத்தத்தில் அது பலித்துவிடும் என்பதால்தான் பலர் செய்கிறார்கள். உங்கள் ரெய்டர் அதைச் செய்தால் அடுத்த ரெய்டை வேறு ஆளுக்குக் கொடுங்கள். பாயிண்ட் போனாலும் பரவாயில்லை.

"நாங்க ஒத்துக்கிட்டோம், அவங்க ஒத்துக்கலையே" என்ற கேள்வி நிச்சயம் வரும். வரட்டும். அதற்காக உங்கள் ஆள் பொய் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை தானாக வெளியேறிய அணியின் கேப்டன் மூன்றாவது முறை "இல்லை சார், படவில்லை" என்று சொன்னால், நடுவர் அதை வேறு காதால் கேட்பார். ஒரு வட்டாரத்தில் அப்படிப் பேர் எடுக்க இரண்டு மூன்று சீசன் பிடிக்கும்.

படி 4: பிடிப்பதில் எங்கே நிறுத்துவது

கபடி முரட்டு ஆட்டம்தான். தை ஹோல்ட் (தொடைப்பிடி), ஆங்கிள், பிளாக் (வழிமறிப்பது), டேஷ், செயின் (கைகோத்துப் பிடிப்பது) எல்லாமே முழு வலுவோடு போட வேண்டியவை. அரைமனதோடு பிடிக்கும் பிடியில்தான் இரண்டு பேருக்கும் அடிபடும். எதிரியை மதிப்பது என்றால் பிடியைத் தளர்த்துவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையும் காலும் உடம்பும்தான் பிடிக்க வேண்டிய இடம், விசில்தான் எல்லை.

செய்யவே கூடாதவை: ரெய்டரின் வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது, முடி, பனியன், ஷார்ட்ஸைப் பிடித்து இழுப்பது, கழுத்தில் கை போடுவது, இரண்டு காலாலும் கத்தரிபோல் பின்னுவது. விதியிலேயே தடுக்கப்பட்டவை இவை. பிடிபட்டாலும் ரெய்டர் அவுட் ஆகமாட்டார், உங்களுக்குக் கார்டும் வரலாம். பச்சை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டமே முடிந்தது.

விதியில் பிடிபடாமல் நடக்கும் கெடுதல்களைத்தான் பயிற்சியாளர் கவனிக்க வேண்டும். ஆங்கிள் பிடித்தவர் காலைத் தன் நெஞ்சோடு அணைத்து வைத்தால் போதும். பலர் பிடித்தபின் பாதத்தைத் திருகுகிறார்கள். திருகினால் பிடி இறுகுவதில்லை, முழங்கால்தான் போகும். இன்னொன்று, ரெய்டர் அந்தரத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் அடிக்கும் டேஷ். பாய்ந்து வருபவருக்குக் கால் ஊன்ற இடமில்லை, தோளோ தலையோதான் தரையில் முதலில் படும். அவர் கால் தரையைத் தொடும் வரை காத்திருக்கப் பழக்குங்கள். நேரம் சரியாக அமைந்த டேஷுக்கு அந்தக் கணமே போதும். மூன்றாவது, இடுப்போடு தூக்கியபின் தரையில் அறைவது. தூக்கிவிட்டால் ரெய்டர் நடுக்கோட்டுக்குப் போகவே முடியாது, பாயிண்ட் உங்களுடையது. அப்படியே பிடித்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தால் முடிந்தது.

விசிலுக்கு விடும் பழக்கத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பாதி வேகத்தில் வர, மற்றவர் ஆங்கிளோ தையோ பிடிக்கட்டும். பயிற்சியாளர் ஒழுங்கில்லாத இடைவெளியில் விசில் ஊத வேண்டும்: ஒருமுறை இரண்டு விநாடியில், இன்னொரு முறை ஆறு விநாடியில். விசில் கேட்ட நொடியே இரண்டு கையும் விரிந்து தெரிய வேண்டும். ஆளுக்குப் பத்து முறை. அதன்பின் நான்கு பேர் சேர்ந்து அமுக்கும் பிடியில் இதையே செய்யுங்கள். அங்கேதான் கோளாறு வரும், ஏனென்றால் மேலே கிடப்பவர் எழாமல் கீழே இருப்பவர் விட முடியாது. மேலே இருப்பவர் முதலில், பக்கவாட்டில் உருண்டு எழ வேண்டும். கீழே கிடப்பவரின் முதுகில் கையையோ முழங்காலையோ ஊன்றி எழுவது பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் வலி ஒன்றுதான், வரும் கோபமும் ஒன்றுதான்.

எழுந்தபின் பிடித்தவரே கைகொடுத்துத் தூக்கிவிடலாம், அது நல்ல பழக்கம். ஒரே ஒரு விலக்கு: விழுந்தவர் கழுத்து அல்லது முதுகு வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்துப்போகிறது என்றாலோ, மயங்கினாலோ யாரும் தொடக்கூடாது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது, காலை உதறிவிடுவது, கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பது எல்லாம் நம் திடல்களில் சர்வசாதாரணம், மிகவும் ஆபத்தானவையும் கூட. தலையை அசைக்காமல் அப்படியே வைத்து 108-ஐ அழையுங்கள். ஆட்டம் நிற்கட்டும்.

படி 5: வாயும் தொடையும்

தொடை தட்டுவது கபடியின் அழகு. அதை யாரும் விடவேண்டாம். எந்தப் பக்கம் திரும்பித் தட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாயிண்ட் எடுத்துவிட்டுத் தன் அணியைப் பார்த்துத் தட்டினால் கொண்டாட்டம். கீழே கிடப்பவரின் தலைமாட்டில் நின்று தட்டினால் சீண்டல். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுங்கள், பையன்களுக்கு உடனே புரியும்.

முப்பது பாயிண்ட் முன்னிலையில் இருக்கும்போது என்ன செய்வது? பலர் இங்கே தவறுகிறார்கள். எதிரணி பாவம் என்று ரெய்டர் நடந்தே போய் நடந்தே வருவது, பின்னால் கைகட்டிக்கொண்டு ஆடுவது, நடுக்கோட்டில் நின்று நடனம் போடுவது எல்லாம் இரக்கத்தில் தொடங்கினாலும் அவமானத்தில்தான் முடியும். மாற்று ஆட்டக்காரர்களை இறக்குங்கள். இறங்கியவர்கள் முழுமூச்சாக ஆடட்டும். தோற்கிற அணிக்குக் கொடுக்கும் மரியாதை அதுதான்.

நேரம் கடத்துவது வேறு. முன்னிலையில் இருக்கும் அணி ஒரு ரெய்டுக்கான 30 விநாடியையும் பயன்படுத்தி, ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பால்க் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்புவது விதிக்கு உட்பட்ட ஆட்டம். அடுத்த ரெய்டரை 5 விநாடிக்குள் அனுப்பாமல் ஷூ லேஸ் கட்டுவதும், அடிபட்டதுபோல் விழுந்து கிடப்பதும் அந்தக் கணக்கில் வராது. பொய்யாக விழும் அணிக்கு உண்மையிலேயே அடிபடும்போது யாரும் ஓடி வரமாட்டார்கள்.

படி 6: எதிர்ப்பைச் சொல்லும் முறை

தவறான தீர்ப்பு வரத்தான் செய்யும். அப்போது கேப்டன் ஒருவர் மட்டும் தலைமை நடுவரான ரெஃப்ரியிடம் போக வேண்டும். மற்ற ஆறு பேரும் தங்கள் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கேப்டன் கேட்பது இரண்டு வாக்கியம்: என்ன நடந்தது, எந்த விதி. "சார், எங்கள் 5-ஆம் எண் லாபியில் கால் வைக்கும் முன் டச் ஆகிவிட்டது. அம்பயரைக் கேட்டுப் பாருங்கள்." ரெஃப்ரி அம்பயரைக் கேட்டுச் சொல்வதுதான் முடிவு. பிடிக்கவில்லை என்றால் ஸ்கோர் தாளில் எதிர்ப்பு என்று எழுதச் சொல்லிவிட்டு ஆடுங்கள்.

எதிரணியின் கேப்டனுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. ரெஃப்ரிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்தால், கேட்கும்முன் சொல்லிவிடுங்கள். உங்கள் அணிக்குச் சாதகமான தவறை நீங்களே திருத்தும்போது கூட்டத்தின் பாதி கோபம் அடங்கிவிடும்.

ஆட்டத்தை விட்டு அணியோடு வெளிநடப்பு செய்வது கடைசி ஆயுதம்கூட இல்லை. விளக்கும் சத்தமுமாக ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அணி களத்தை விட்டு இறங்கினால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் களத்துக்குள் இறங்குவார்கள். அதன்பின் நடப்பது யார் கையிலும் இல்லை.

படி 7: கமிட்டியின் பொறுப்பு

மைக்கிலிருந்து தொடங்குங்கள். கபடி வர்ணனை ஒரு தனிக் கலை. நல்ல வர்ணனையாளர் கூட்டத்தை விடியும்வரை உட்காரவைப்பார். அவரிடம் முன்பே நாலு விஷயம் சொல்லிவிடுங்கள்: வெளியூர் அணியின் பெயரையும் ஆட்டக்காரர் பெயரையும் கேட்டு எழுதிச் சரியாகச் சொல்ல வேண்டும், உடல் பருமனை, நிறத்தை, உயரத்தைக் கிண்டல் செய்யக்கூடாது, சந்தேகமான டச்சுக்கு நடுவருக்கு முன் தீர்ப்பு சொல்லக்கூடாது, எதிரணி எடுத்த பாயிண்டுக்கும் அதே குரல் வேண்டும். மூன்றாவதை மீறுவதால்தான் பல தகராறுகள் வருகின்றன. மைக்கில் "அவுட்டு!" என்று கேட்டபின் நடுவர் இல்லை என்றால், கூட்டம் நடுவரைத்தான் திருடன் என்னும்.

சாதியை வாசலிலேயே நிறுத்துங்கள். சாதிப் பெருமை பேசும் அணிப் பெயர், பனியன் வாசகம், தலைவர் படம் போட்ட கொடி, ஒலிபெருக்கியில் சாதிப் பாட்டு எதற்கும் அனுமதி இல்லை என்று நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். அணி பதிவு செய்ய வரும்போதே பனியனைப் பார்த்துவிடுங்கள்; களத்தில் இறங்கியபின் கழற்றச் சொன்னால் அதுவே சண்டை. சாதியைச் சொல்லித் திட்டினால், எந்த ஊர் அணியாக இருந்தாலும், உங்கள் சொந்த அணியாக இருந்தாலும், போட்டியிலிருந்து நீக்கம். இதில் ஒருமுறை தயங்கினால் அடுத்த ஆண்டு சில ஊர்கள் வரவே வராது. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

வெளியூர் அணியைக் காக்கவைக்காதீர்கள். வேனில் நாலு மணி நேரம் வந்தவர்களுக்கு ஆறு மணி ஆட்டம் என்று சொல்லிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குக் களமிறக்குவது அவமரியாதை. ஆட்ட நேரப் பட்டியலை எழுதி ஒட்டுங்கள், தள்ளிப்போனால் போய்ச் சொல்லுங்கள். உடை மாற்ற மறைவான இடம், குடிநீர், சாப்பாடு இரண்டு அணிக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பெண்கள் ஆட்டம் வைத்தால் தனிக் கழிப்பறை, பூட்டுள்ள அறை, களத்தைச் சுற்றிக் கேலி பேசுபவர்களை வெளியேற்ற இரண்டு பொறுப்பாளர்கள் கட்டாயம். பெண்களுக்கான ஆடுகளம் 12-க்கு 8 மீட்டர். ஆண்களுக்குப் போட்ட 13-க்கு 10 கோட்டிலேயே அவர்களையும் ஆடவிடுவதும் ஒருவகை அலட்சியம்தான். தனிக் கோடு போடுங்கள்.

கயிற்றைக் கோட்டிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டம் இறுதிக்கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் வருவதால், அந்தப் பக்கம் இன்னும் இடம் வேண்டும். கூட்டம் கோடுவரை நெருங்கினால் ரெய்டரின் காலை இழுக்கும் கை கூட்டத்திலிருந்தே வரும்.

நடுவர்கள் இரண்டு அணிக்கும் பொதுவான ஊரிலிருந்து வரட்டும். செலவாகும், ஆனால் கோப்பையின் உயரத்தில் ஓர் அடி குறைத்தால் அந்தக் காசு கிடைத்துவிடும்.

படி 8: கடைசி விசிலுக்குப் பிறகு

முதலில் கைகுலுக்கல், அப்புறம் கொண்டாட்டம். வரிசை மாறக்கூடாது. வென்ற அணியின் கேப்டன் எதிர்ப்பக்கம் நடந்து போக வேண்டும், தோற்றவர் வரட்டும் என்று நிற்கக்கூடாது. பட்டாசு வெடிப்பதாக இருந்தால் வெளியூர் அணியின் வேன் நிற்கும் பக்கம் வேண்டாம்.

பரிசளிப்பில் நான்காம் பரிசிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள், தோற்ற அணி கிளம்பும் முன் அவர்கள் பரிசு கைக்குப் போய்ச் சேரட்டும். முதல் பரிசுக்குப் பத்து நிமிடம் பேசிவிட்டு மற்றவர்களைக் கடைசியில் கூப்பிட்டால் மேடைக்கு வர ஆளிருக்காது.

அடுத்த நாள் ஸ்டேட்டஸில் என்ன ஏறுகிறது என்று பாருங்கள். எதிரணி ஆள் விழும் காட்சியை மெதுவாக ஓட்டி, சினிமா வசனம் போட்டுப் பரப்பும் வீடியோ அடுத்த போட்டியின் சண்டைக்கு விதை. உங்கள் அணியினர் போட்டால் கேப்டன் அன்றே எடுக்கச் சொல்ல வேண்டும். உங்கள் ஆளின் நல்ல பிடியைப் போடலாம், அதில் அடிபட்டவர் முகம் வேண்டாம்.

எதிரணியில் யாராவது மருத்துவமனைக்குப் போயிருந்தால், பிடித்தவரும் கேப்டனும் மறுநாளே போன் செய்யுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள். கமிட்டி நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மருத்துவச் செலவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும், எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்குப் போனது என்பதை வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து எழுதி, பங்கெடுத்த எல்லா அணிக்கும் அனுப்பிவிடுங்கள்.